உரித்துக் கொடுத்த ஆரஞ்சு

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பழக் குடோனுக்கு லாரி வராது. பெட்டி தூக்குகிறவர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடோன்காரர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, பெட்டிகளை ஒரு பக்கமாகத் தள்ளி, மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் டிரம் செட்டை வெளியே இழுப்பார். சற்று நேரத்தில் பல் டாக்டர் கீபோர்டைத் தோளில் சுமந்துகொண்டு குனிந்து உள்ளே வருவார். கடைசியில் மச்சான், அதாவது குடோன்காரர் மனைவியின் தம்பி, கிட்டாரோடு வந்து சேருவார். அவருக்கு டிரைவிங் ஸ்கூல். தலை நரைத்த இந்த மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பது புரோகிரெசிவ் ராக்.

அது என்ன சங்கதி என்று கேட்டால், மற்ற பாட்டுகள் ஆரம்பித்து, காதலித்து, அழுது, முடிந்தே போகிற நேரத்தில் இந்தப் பாட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும். உலகம் நாலு எண்ணித் தாளம் போட்டால் இவர்கள் ஏழு என்பார்கள், மனசு வந்தால் பதினொன்று என்பார்கள். காலைத் தட்டிக்கொண்டே கேட்கலாம் என்று உட்காருகிறவனுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். கேட்க ஆள் இல்லையே என்று மூவரும் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆள் வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பார்கள்.

இந்த இசையில் வாசிப்பதைவிடக் கஷ்டம், வாசித்து முடித்தபின் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் கருத்துச் சொல்வது. பல வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர் கீபோர்டில் தனியாக ஒரு பகுதி வாசித்தார். நீளம் கொஞ்சம் அதிகம் என்று மச்சான் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். முழுசும் என்று மச்சான் சொன்னார். அதற்குப் பிறகு மழைக்காலம் ஒன்று வந்து போகும் வரைக்கும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்கவில்லை. அந்த நாட்களில் குடோன்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக உட்கார்ந்து டிரம் அடித்தார். உள் அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களிடம் திங்கட்கிழமை ஆர்டரைப் போனில் வாங்கிக்கொண்டிருந்த அவர் மனைவிதான், எப்படியாவது அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், இதற்கு அதுவே தேவலை என்று கெஞ்சினார்.

சமாதானமான அன்று டாக்டர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் யாரும் வாயைத் திறந்து கருத்துச் சொல்லக் கூடாது. சுற்றிலும் இத்தனை பழம் இருக்கிறது. எப்படி வாசித்தான் என்று தோன்றுகிறதோ அதற்கேற்ற பழத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவன் அதைக் கடைசி வாய் வரைக்கும் தின்று முடித்த பிறகுதான் பேசலாம். வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு யாராலும் சண்டை போட முடியாது என்பது அவருடைய தொழில் அனுபவம்.

எந்தப் பழத்துக்கு என்ன அர்த்தம் என்பதைப் பேசி வைக்கவேண்டிய அவசியமே வரவில்லை, தானாகப் புரிந்தது. வாழைப்பழம் கொடுத்தால் அவமானம். உரித்தால் பழம், வேலை முடிந்தது, எந்த மடையனும் வாசிப்பான் என்று அர்த்தம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரில் உருகி உருகி வாசித்த நாளில் அவருக்கு மாம்பழம் கிடைத்தது. முழங்கை வரைக்கும் சாறு வழியும், நாலு பேர் பார்க்கத் தின்கிற பழம் இல்லை அது. டாக்டர் எழுதிய பாட்டு வரிகளுக்கு எப்போதும் சீத்தாப்பழம்தான். இனிப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வாய் நிறையக் கொட்டை, துப்பித் துப்பித் தேட வேண்டும். குடோன்காரர் ஒருமுறை தனி ஆவர்த்தனமாக டிரம்மை வெளுத்து வாங்கிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுத் தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தார்கள். பார்க்கப் பெரிசு, உள்ளே தண்ணீர். சட்டப்படி அவர் அதைத் தின்று முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

பலாப்பழம் என்றால் மரியாதை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசினோடு மல்லுக்கட்டி, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அலுத்துப்போகும் நேரத்தில் சுளை கிடைக்கும். நீளமான பாட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருந்தது, ஆரஞ்சு. ஒவ்வொரு சுளைக்கும் தனித்தனியாக ஒரு தோல், எல்லாச் சுளையும் இடைவெளி இல்லாமல் சேர்ந்தால் ஒரே உருண்டை. பல பாகமாகப் பிரிந்த பாட்டு ஒன்றோடொன்று அப்படிப் பொருந்த வேண்டும். இத்தனை வருஷத்தில் குடோன்காரருக்கு இரண்டே இரண்டு முறைதான் ஆரஞ்சு கிடைத்திருந்தது. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அது அவர் மனைவிக்கும் தெரியும்.

நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் குடோன்காரர் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார். பேச்சு சரியாக வந்தது, நடை சரியாக வந்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைச் சற்றுத் தாமதமாகக் கேட்டது.

திரும்பி வந்து டிரம் முன்னால் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மச்சான் அவர் கையில் ஆரஞ்சு கொடுத்தார். குடோன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமும் ஆரஞ்சு. அதற்கடுத்த வாரமும் ஆரஞ்சு வந்தபோது அவருக்கு உறைத்தது. வியாபாரத்தில் இருப்பவர், ஒரே சரக்கு தொடர்ந்து பிரமாதமாக வந்தால் சந்தேகப்படத் தெரியாதா என்ன? நாலாவது வாரத்திலிருந்து டாக்டர் ஆரஞ்சை உரித்தே கொடுக்க ஆரம்பித்தார். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, சுளைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கி நீட்டினார். நோயாளிக்கு அப்படித்தான் கொடுப்பார்கள்.

தன் கை என்ன செய்கிறது என்பது குடோன்காரருக்கு நன்றாகவே தெரியும். அவர்களுடைய பெரிய பாட்டு, இருபத்தைந்து நிமிஷம் ஓடுவது, ஏழு எண்ணிக்கையில் போகும். ஏழாவது அடிக்கு வலது கை ஓரத்துப் பித்தளைத் தட்டான சிம்பலை விட்டு நடு டிரம்முக்கு வந்தாக வேண்டும். வரத்தான் செய்தது, விருந்து முடிந்தபின் வரும் உறவினர் போல. முன்பெல்லாம் அவர் தாளம் தப்பினால் மச்சானின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கம். இப்போது அந்தக் கால் அசைவதே இல்லை.

மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். ரெண்டு பேரும் நல்ல மனசோட செய்கிறார்கள், அதையும் ஏன் குத்தம் சொல்கிறீர்கள் என்றார் அவர். குடோன்காரருக்குப் பயமே அதுதான். வாசிக்க முடியாதவன் என்று வெளியே அனுப்பினால்கூடத் தாங்கிக்கொள்வார். அவர்களால் அனுப்பவும் முடியாது, இடம் இவருடையது. போகச் சொல்லவும் முடியாமல், வாசிக்கிறவன் என்று நினைக்கவும் முடியாமல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகிற நோயாளியாகத் தன்னை வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் அவரை விடவில்லை. இதற்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று தீர்மானித்தார்.

அந்த வாரம் பெரிய பாட்டை ஆரம்பித்தார்கள். மற்ற இரண்டு பேரும் ஏழில் போக, குடோன்காரர் வேண்டுமென்றே நாலில் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இடது கையாலேயே அடித்துவிடலாம், குழந்தைகூட அடிக்கும். இருபத்தைந்து நிமிஷமும் அப்படியே அடித்தார். பாட்டு கல்லும் மண்ணும் ஏற்றிய வண்டி போல நொடித்து நொடித்துப் போயிற்று. உள்ளே போனில் ஒரு கடைக்காரர், உங்கள் குடோனில் சுவர் இடிக்கிறார்களா என்று விசாரித்தார். மச்சானின் கால் அசையவில்லை. டாக்டர் தலை நிமிரவில்லை.

முடிந்ததும் மச்சான் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். டாக்டர் அதை வாங்கி உரித்தார், நாரை எடுத்தார், தட்டில் அடுக்கினார், நீட்டினார்.

குடோன்காரர் தட்டை வாங்கவில்லை.

"நான் நாலு அடிச்சேன்டா," என்றார். "நீங்க ஏழு வாசிச்சீங்க. இதுக்கு ஆரஞ்சா?"

சட்டம் போட்ட நாளிலிருந்து தின்னாமல் யாரும் பேசியதில்லை. மச்சான் தரையைப் பார்த்தார். மாமா நல்லாத்தான் அடிச்சீங்க என்று ஏதோ சொல்ல வாயெடுத்து, பாதியிலேயே விட்டுவிட்டார். உள் அறையில் மனைவி போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"வாயால சொல்லுங்க," என்றார் குடோன்காரர். "எனக்குப் பழம் வேணாம்."

டாக்டர் தட்டைப் பெட்டி மேல் வைத்தார். கெட்ட செய்தியை நேருக்கு நேர் சொல்வது அவருக்குப் புதிதல்ல, இந்த ஓர் ஆளிடம் மட்டும் இத்தனை நாள் வாய் வரவில்லை. ஸ்டூலை இழுத்து அருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் வலது கை லேட்டா வருது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து லேட்டு. அது இனிமே பழையபடி வேகமாகும்னு நான் நினைக்கல. உன் டாக்டர்கிட்டயும் கேட்டேன், அவரும் நினைக்கல."

மச்சானுக்கு அதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை. புதன்கிழமைகளில் கிளினிக் மூடிய பிறகு, டிரம் சத்தம் போடுகிற ஒரு மெஷினை வைத்துக்கொண்டு தாங்கள் இரண்டு பேரும் வாசித்துப் பார்த்ததையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் காது மடல் சிவந்துபோயிற்று. குடோன்காரருக்குச் சுருக்கென்று வலித்தது. மெஷின் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

"ஆப்பிள், மாமா," என்றார் மச்சான். "மெழுகு தடவின ஆப்பிள். ஒரு அடி தப்பல, ருசியும் இல்ல. ரெண்டு புதன்கிழமைக்கு மேல எங்களால முடியல."

வாழைத்தார் பழுக்கப் போட்டிருக்கும் அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குடோன்காரர் தன் வலது கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார், வரவில்லை. நாலு மாதமாகத் தான் ஒருவரே தூக்கிக்கொண்டு நடந்த பாரத்தை மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்ததுபோல உடம்பு லேசாகிவிட்டது. ஆனால் அடுத்து கேட்கவேண்டியதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. யாரிடமும் எதையும் இரந்து கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"மெதுவா வாசிக்கலாமா?" என்றார் கடைசியில். "என் கை வந்து சேர்ற மாதிரி."

மச்சான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படிப் போனால் பாட்டு முப்பத்தைந்து நிமிஷத்தைத் தாண்டிவிடும் என்றார், வருத்தத்தோடு அல்ல, தகவலாகத்தான். டாக்டரின் முகத்தில் அதைக் கேட்டதும் லேசான ஓர் ஆசைகூடத் தெரிந்தது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "இருபத்தஞ்சைத் தாங்கினவளுக்கு முப்பத்தஞ்சு என்ன பெரிசு? இதை முடிச்சு யாருக்கு அனுப்பணும் இப்போ? மெதுவாவே வாசிங்க." சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுபடி ஆரம்பித்தார்கள். பாட்டு இப்போது பாரம் ஏற்றிய ஆள் மாடிப்படி ஏறுவது போலப் போயிற்று. கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன இடங்களிலெல்லாம் புதிதாக இடைவெளிகள் முளைத்தன. டாக்டர் அவற்றுக்குள் இடது கையால் எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் சுற்றில் குடோன்காரரின் கை ஏழாவது அடிக்குச் சரியாக வந்தது. இரண்டாவது சுற்றிலும் வந்தது. மூன்றாவதில் பிந்திவிட்டது, மிகவும் கொஞ்சம்தான், மயிரிழை.

டாக்டர் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"லேட்டு," என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். "முதல்லேர்ந்து."

நாலு மாதமாகக் குடோன்காரரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. மனைவி, பெட்டி தூக்குகிறவர்கள், எதிர்க்கடைக்காரர், பாக்கி வைத்திருக்கிறவர்கள் உட்பட எல்லோரும் அவரிடம் இதமாகவே பேசினார்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகை வரும்போல இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.