தங்க ஆற்றுக்குப் போன சனிக்கிழமை

அஸ்திப் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டுப் பாலேஸ்வரி மகனின் வானில் ஏறியபோது, ரூஜ் என்ற அந்தப் புறநகரில் அவர்களின் தெருவின் ஒரு ஜன்னல் சீலையும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. புருசன் தில்லையம்பலம் செத்து ஒன்பதாம் நாள். மனிசியோ புதுச் சப்பாத்தும் காற்சட்டையும், மடியில் கட்டுச் சாப்பாடுமாய்ப் புறப்படுகிறாள். சனம் என்னதான் நினைக்கும்?

நினைத்ததில் பாதி சரிதான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். வடக்கே நாலு மணித்தியால ஓட்டத்தில், ஒரு காலத்தில் தங்கம் அரித்த மலையிடுக்கு ஆறு. இந்தச் சனிக்கிழமை போவதென்று தில்லையம்பலம் பங்குனியிலேயே நாள் குறித்து, அரிக்கிற தட்டும் வாங்கி வைத்திருந்தார். மாரடைப்பு முந்திக்கொண்டது.

நெடுஞ்சாலை ஏறமுதலே வானின் ஸ்பீக்கரில் போன் அடித்தது. யூனியன்வில்லில் இருந்து பாலேஸ்வரியின் மச்சாள்.

"மருமோன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடியேல்லை, கொம்மாவுக்குச் சுற்றுலா கேக்குதோ? எல்லாரும் லேக்கிலதானே கரைக்கினம். வானைத் திருப்பு!"

வானை ஓட்டிய மகன் ஜதுர்சனின் கால் பிரேக்குக்குப் போனது. "அம்மா, மாமி சொல்றதும்... சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். கொப்பரின்ரை அஸ்தியை அங்கை விடாமல் நான் வீட்டுக்கு வரமாட்டன். நீ வானை ஓடு."

அவன் ஓடினான்.

இரண்டு பக்கமும் பாறை நெருக்க, நடுவில் ஆறு வெள்ளையாய்ச் சீறிக்கொண்டு போனது. "ஐயோ, என்ன வடிவு!" என்று கத்தியவள், கரைக்க முதல் ஒருக்கால் அரித்துப் பார்ப்பேன் என்று காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஓரத்து மடுவில் இறங்கினாள். ஒருக்கால் முக்கால் மணித்தியாலமானது. பக்கத்தில் அரித்துக்கொண்டிருந்த கரோலின் என்ற வெள்ளைக்காரி, தட்டைச் சரித்துச் சுழற்றி மேல்மண்ணைக் கழியவிடும் விதத்தைக் கையால் காட்டிக் கொடுத்தாள். இருவரும் பள்ளிக்கூடப் பெட்டைகள் போலச் சிரித்தார்கள்.

கறுப்பு மணலின் விளிம்பில் ஒரு புள்ளி. உமியில் கால்வாசி இருக்கும். மஞ்சள்.

"இஞ்சேருங்கோ!" என்று கூவினாள் பாலேஸ்வரி. "இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! வந்திட்டுது!"

முப்பத்தெட்டு வருடமாய் அவளின் 'இஞ்சேருங்கோ'வுக்குத் திரும்பியவர் தில்லையம்பலம் ஒருவர்தான்.

கரையில் ஜதுர்சன் எழுந்தான். அஸ்திப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஈரக் கற்களில் கால் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கி வந்தான்.

அவள் தட்டை அசைக்காமல் ஏந்திக்கொண்டு நின்றாள். தண்ணீர் முழங்கையால் வடிந்துகொண்டிருந்தது.