ஒன்பது நாள் ஈரம்

தானாசிஸ் விடுதியறையின் தெற்கு ஜன்னலருகே கல்லை விரல்நுனிகளில் ஏந்தி நின்றார். கல்லிலிருந்து ஒரு சொட்டு நீர் அவருடைய மணிக்கட்டை நோக்கி இறங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கண் அதை விட்டு அகலவில்லை.

ஆண்டுக்கு இருமுறை சிட்னியிலிருந்து எங்கள் சுரங்க ஊரான ரிட்ஜுக்கு வந்து, இதே அறையை எடுத்து, ‘ஓபல் ரத்தினக் கற்கள் வாங்கப்படும்’ என்னும் அட்டையைக் கதவில் தொங்கவிடுபவர் அவர். குளிர்காலத்தில் எடுத்துக் காயவைத்த சிறு கற்களை விற்பதற்காகவே நானும் என் கொழுந்தன் ராதோவானும் அன்று சென்றிருந்தோம். அவற்றை அவர் வாங்கிக்கொண்ட பிறகு, ராதோவான் தன் பையிலிருந்து சுட்ட மிளகாய்த் துவையல் இருந்த பழைய சீசா ஒன்றை எடுத்தான். உள்ளே நீர், நீருக்குள் கோழிமுட்டையில் பாதியளவு ஒரு கறுப்புக் கல். திருப்பத் திருப்ப அதன்மேல் சிவப்பு இடம்மாறி ஓடியது. ஒன்பது நாட்களுக்கு முன் புதுப் பள்ளத்தில் ஒரு கல் கிடைத்ததென்றும், மேல்மண்ணை உரசிக்கொண்டிருப்பதாகவும் சொல்லியிருந்தான். அதை இங்கே கொண்டுவருவான் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று மாதம் காயாமல் எந்தக் கல்லும் வெளியே போவதில்லை. மண்ணுக்குள் குடித்த ஈரம் வெளியேறும்போது சில கற்கள் வெடித்துவிடும். புதுப் பள்ளம் இருக்கும் மேட்டில் பாதிக்குப் பாதி வெடிக்கும். நீரில் கிடக்கும்வரை வெடிக்காது. காய்ந்த கல்லையும் வண்ணம் எடுப்பாகத் தெரிவதற்காக நீரில் போட்டுக் காட்டுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஆகவே சீசாவைக் கண்டு தானாசிஸ் ஐயுறவில்லை.

“முப்பத்திரண்டாயிரம்,” என்றார். “மத்தவங்க கல்லுன்னா எப்ப எடுத்தது, எங்க எடுத்ததுன்னு குடைஞ்சு எடுத்துடுவேன். உங்க வீட்டுக் கல்லுக்கு எதுக்குக் கேள்வி, மிலேவா அக்கா?”

கல் வாங்குபவரின் கையில் இருக்கும்போதே விற்பவர் ‘சரி’ என்றால் வியாபாரம் முடிந்தது. அதற்குமேல் எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. பள்ளத்தின் உரிமம் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. ராதோவான் சரி என்றான். தானாசிஸ் என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்க அண்ணி,” என்றான் ராதோவான், எங்கள் செர்பிய மொழியில்.

“இது காயல.”

“காஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாதத எதுக்கு வாயத் தொறந்து சொல்லணும்?”

தானாசிஸ் சிரித்தார். “ஆரம்பிச்சாச்சா? நீங்க ரெண்டு பேரும் உங்க பாஷைல பேசினாலே எனக்கு ஆயிரம் டாலர் ஏறிடுது. சரி, முப்பத்து மூணு. அதுக்கு மேல போனா எம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா.”

ராதோவான் சிரிக்காமல் எங்கள் மொழியிலேயே தொடர்ந்தான். “பழைய பள்ளத்துல ரெண்டு வருஷமா வெறும் மண்ணு. இது போகலன்னா நான் ஆட்டு ரோமம் வெட்டற கொட்டகைக்குத்தான் போகணும். அறுபத்திரண்டு வயசுல நான் ஆட்டப் புடிப்பேனா, ஆடு என்னப் புடிக்குமா? அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் வித்திருப்பாரு.”

“வித்தாரே, ஒரு தடவ. அப்ப நீ இங்க வரல.”

என் கணவர் விற்ற அந்தக் கல்லை, வாங்கியவர் ஐந்து வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். காய்ந்து உடைந்த மூன்று துண்டுகளையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அதன்பின் நான்காண்டுகள் எந்த வியாபாரியும் எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் ராதோவான் சொன்னதிலும் பொய்யில்லை. காலையில் அவன் பள்ளத்து ஏணியில் இறங்குவதை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போகிறான்.

“தானாசிஸ்,” என்றேன், அவருக்குப் புரியும் மொழியில். “இது புதுப் பள்ளத்துக் கல்லு. எடுத்து ஒன்பது நாள்தான் ஆகுது. அன்னைலேருந்து தண்ணிலயேதான் கெடக்கு.”

ராதோவான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். தானாசிஸ் கல்லைக் கீழே வைக்கவில்லை. விலையையும் திரும்பப் பெறவில்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கல்லைச் சுற்றிலும் மெதுவாகத் துடைத்தார். ஜன்னலோரத் தகரத் தட்டில் வைத்தார்.

“விமானத்துக்கு நான் நாலு மணிக்குக் கெளம்பணும். அதுவரைக்கும் காயட்டும். அப்பவும் முழுசா இருந்தா முப்பத்து மூணு. அப்புறம் என்ன ஆனாலும் என் பாடு.”

“ஒன்றரை மணி நேரம் பத்தாது,” என்றேன்.

“எனக்குத் தெரியும்.”

“பத்தாதுன்னு அவரே ஒத்துக்கறாரு, அண்ணி. இப்பவாவது சும்மா இருங்க,” என்றான் ராதோவான். கல்லை நனைத்துப் பார்க்கும் பழக்கத்தில் அவன் கட்டைவிரல் உதடுவரை சென்று ஈரமாயிற்று. பிறகு கல்லைத் தொடாமல் அதைத் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

கல்லின் மேற்பரப்பில் எஞ்சியிருந்த ஈரம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கியது. கல் வெடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும், நகத்தைச் சுண்டியதுபோல் ஓர் ஒலி. வெளியே நாற்பத்திரண்டு பாகை வெயில். சுவரில் குளிர்பதனப் பெட்டி கடகடத்துக்கொண்டிருந்தது. தானாசிஸ் சென்று அதை நிறுத்தினார். அறைக்குள் வெப்பம் கவியத் தொடங்கியது. நாங்கள் மூவரும் தட்டின்மேல் தலை கவிழ்த்து, மூச்சின் ஒலியைக் குறைத்துக்கொண்டோம்.