வலப் பக்க மூக்குத்தி

விடியற்காலை ஐந்து மணிக்கே பரங்கிப்பேட்டை இறால் கம்பெனிக்குள் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும். முப்பது பெண்கள் வரிசையாக நின்று தலை கிள்ளி, ஓடு உரித்து, குடலை இழுத்துப் போடுவார்கள். விரல் மரத்துப்போனால் வாயருகே வைத்து ஊதிக்கொள்வார்கள். வெளிச்சுவரில் சாரம் கட்டி நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளாக ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. சௌந்தரத்தின் மகளோடு பேசினால் வேலை போய்விடும் என்று பயம்.

என் அம்மா சௌந்தரம் பதினோரு வருடம் அந்த வரிசையில் நின்றவள். போன ஆடியில் குளிர் அறையின் அம்மோனியா குழாய் கசிந்து மூச்சுமுட்டிச் செத்தாள். கம்பெனி மாரடைப்பு என்றது. நான் அப்போது சிதம்பரத்தில், ஹாஸ்டலில். மிச்சம் இருப்பது அவள் போனில் எடுத்த ஒரே ஒரு செல்ஃபி.

சுவரில் ஏழு கன்னிமார் வரையச் சொன்னார் முதலாளி இளவரசு. என் வாயை அடைக்கத்தான் அந்த வேலை, எனக்கும் தெரியும். எட்டாவதாக ஒருத்தியை வரைந்தேன். ரப்பர் பூட்ஸ், நீல ஏப்ரன், கையில் இறால், செல்ஃபியில் இருந்தபடியே மூக்குத்தி. சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுக்குள் கும்பிடுவது எங்கள் வழக்கம். அந்த வீட்டுச் சாமியைத் தெருவுக்குக் கொண்டுவந்தேன்.

இளவரசு வந்து பார்த்தார்.

"கன்னிமாரு ஏழு பேருதானம்மா? இது யாரு?"

"எங்க அம்மா."

"மாரடைப்புல போனவங்களுக்கெல்லாம் சுவரு குடுக்க முடியுமா? சுண்ணாம்பு அடிச்சுடு."

"நான் அடிக்க மாட்டேன்."

உள்ளே திரும்பி, "பட்டம்மா, நீ வந்து அடி" என்றார்.

பட்டம்மாள் ஈரக்கையோடு வந்து பிரஷை வாங்கிச் சாரத்தில் ஏறினாள். மற்ற பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பட்டம்மாள் என் அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு பொட்டுச் சுண்ணாம்பு வைத்தாள். மூக்குத்தி மட்டும் மறைந்தது.

"செல்ஃபி பாத்து வரைஞ்சியா பாப்பா? பக்கம் மாறிப்போச்சு. சௌந்தரத்துக்கு வலப் பக்கம்."

நான் போனை எடுத்து செல்ஃபியை மறுபடி பார்த்தேன்.

"பதினோரு வருசமா அவ வலப் பக்கந்தான் நின்னேன். குழாய் கசிஞ்ச அன்னிக்கும் அங்கதான் இருந்தேன்." இளவரசுவைப் பார்த்தாள். "மாரடைப்பு இல்லைங்க. நான் பாத்தேன்."

"உள்ள போங்க எல்லாரும். சரக்கு கெட்டுப்போவும்."

"குழாய மாத்துங்க, போறோம்" என்றாள் வாசலில் நின்ற ஹஃப்சா.

அவள்தான் முதலில் ஏப்ரனைக் கழற்றிச் சுவரடியில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. இளவரசு யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். என்ன ஆகுமோ தெரியாது.

நான் சாரத்தில் ஏறி, மஞ்சளைத் தொட்டு, சின்ன பிரஷை வலப் பக்கம் கொண்டுபோனேன்.

"இன்னும் கொஞ்சம் மேல, பாப்பா" என்றார்கள் கீழேயிருந்து, எல்லாரும்.