சாத்தம் வந்ததும் முடியும் கதைகள்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் போட் ஏறி எதிர்க்கரைச் சாத்தத்தில் இறங்கக் கால் மணி நேரம். அதற்குள் மங்கையர்க்கரசி ஒரு கதையை எல்லாருக்கும் கேட்கப் படித்து முடித்துவிடுவாள். போர்ட் பிளேரில் ஏதோ அரசாங்க ஆபீசில் கிளார்க். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். அறுபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஓர் எழுத்தாளர் எழுதிய கதையெல்லாம் அதில் அடக்கம். எட்டு மணி போட்டில் தமிழ் தெரிந்த கூட்டம் அவளைச் சுற்றித்தான் நிற்கும்.

ஜம்புலிங்கமும் நிற்பார், விற்கக் கொண்டுபோகிற முருங்கைக்காய்க் கட்டோடு. கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டே ரிட்டையர் ஆனவர். தராசு, டாக்டர், வானிலை அறிக்கை எதையும் நம்பாத ஆள். இரண்டு மாதம் கதை கேட்டதில் அவருக்கு ஒன்று உறுத்தியது. எல்லாக் கதையும் போட் கரைசேர்ந்து ஜெட்டியில் கயிறு வீசும்போதுதான் முடிகிறது. அதுவும் நல்லபடியாகவே முடிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் கிணறு வெட்டுகிற கதை. தண்ணீர் வந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போட்டும் சாத்தம் வந்துவிட்டது.

"தாயி, நீ பக்கத்தைத் தாண்டுற," என்றார் ஜம்புலிங்கம்.

கூட்டம் திரும்பியது.

"முந்தாநாள் கதை நாலு தாளு. இன்னிக்கு ஒரு கத்தையவே புரட்டின. ரெண்டும் ஒரே இடத்துல முடியுது. செத்த மனுசன் இந்த போட்டுக்கு அளந்தா எழுதி வச்சான்?"

மங்கையர்க்கரசியின் முகம் சுருங்கியது. "அப்ப திங்கக்கிழமை நீங்களே படிங்க பெரியவரே," என்று புத்தகத்தை முருங்கைக்காய்க் கட்டின் மேல் வைத்தாள்.

"அரே, பெருசு படிச்சா போட் மெயின்லேண்டுக்கே போயிரும்," என்றான் பியூன் அன்பழகன். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவர் ஜம்புலிங்கம். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதை அவர் போட்டில் யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை திக்கினால் சாகும்வரை அன்பழகன் வாயில் அரைபட வேண்டியதுதான்.

சனிக்கிழமை முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்தார்.

"காய் பறிக்கலையா?" என்று கேட்டாள் மனைவி ராணி.

"அண்ணன் தம்பி தகராறு முடியட்டும்."

ஞாயிறு மத்தியானம் முடிந்தது. அவர் நினைத்தது சரி. தண்ணீர் வந்த பிறகும் ஒன்பது பக்கம் இருந்தது. கட்டிப்பிடித்தவர்கள் மறுநாள் விடிந்ததும், முதல் வாளி யாருக்கு என்று மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் கிணற்றுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். ஜம்புலிங்கத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"இந்த ஆளு பொய் சொல்லல," என்றார் ராணியிடம்.

திங்கட்கிழமை தண்ணீர் வந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு தடவை படித்த பக்கம்தான், ஆனாலும் இத்தனை முகத்துக்கு முன்னால் எழுத்தெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டது.

"என்ன பெருசு, கண்ணாடி போடலையா?" என்றான் அன்பழகன்.

ஜம்புலிங்கம் நிமிர்ந்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் மூணாங்கிளாசு. கூட்டித்தான் படிப்பேன். பிடிக்கலேன்னா அங்கிட்டுப் போய் நில்லு."

அன்பழகன் போகவில்லை. கதை ஊர்ந்தது. அண்ணன் விடியற்காலை வாளியோடு வருகிறான். அங்கே தம்பி ஏற்கெனவே நிற்கிறான். அண்ணன் கையை ஓங்குகிறான். சாத்தம் வந்துவிட்டது.

ஒருத்தரும் நகரவில்லை. "உத்ரோ, உத்ரோ," என்று போட்காரன் இறங்கச் சொல்லிக் கத்தினான்.

"இதுக்குத்தான் தாண்டினேன் பெரியவரே," என்றாள் மங்கையர்க்கரசி. "பாதிக் கதையோட எப்படி ஆபீஸ்ல உக்கார்றது? முடிவை நானே ஒட்டிருவேன்."

"உக்காந்து பாரு. மீதி அஞ்சு மணி போட்டுல."

வழக்கமாக அவர் பத்து மணிக்கே திரும்பிவிடுகிறவர். அன்று காயை விற்றுவிட்டு, ஜெட்டியிலேயே உட்கார்ந்து மீதிப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பழகினார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு அன்பழகன் வந்து எதிரே நின்றான்.

"இப்ப இங்க யாரும் இல்ல. அடிச்சானா இல்லையா, எனக்கு மட்டும் சொல்லுங்க ஐயா."

"அஞ்சு மணிக்கு வா," என்றார் ஜம்புலிங்கம், புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல்.