நான்காம் எண் ஆட்டக்காரன்

ரெட்டியார்பாளையத்து மாடி அலுவலகம் ஒன்றில் தாமரைச்செல்விக்கு வேலை. டென்மார்க்கின் முதல்நிலைக் கால்பந்து லீக் ஆட்டங்களைக் கணினியில் பார்த்து, பந்தைத் தொட்ட ஒவ்வொரு காலுக்கும் ஒரு பட்டன் அழுத்த வேண்டும். ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்பார்கள். இருவரும் ஒத்துப்போனால் பதிவு தானாக மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் பிரேம்குமார் தீர்ப்புச் சொல்வார். தோற்றவர் பெயரில் ஒரு புள்ளி விழும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு. மூன்றானால் வேலை போய்விடும்.

அந்த ஞாயிறு மாலை அவளோடு குறித்தவன் எதிர்வரிசை இனியவன். எண்பதாவது நிமிடத்தில் சிவப்பு அணிக்காரன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் சுருண்டான். நடுவர் கவனிக்கவில்லை. பந்தை வைத்திருந்த வெள்ளை அணியின் நான்காம் எண் ஆட்டக்காரன், அவனுக்கு வைத்தியம் நடக்கட்டும் என்று பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். எதிரணி பந்தை எறியும்போது திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். சிவப்பு அணியோ எறிந்தது, ஓடியது, கோல் போட்டது. அடிபட்டவனுக்கு ஓரத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தோழர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள்.

தாமரைச்செல்வி அருவருத்துப்போய்ப் படத்தை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, அப்பிடியே நிக்குது?" பிரேம்குமார் பின்னால் வந்து நின்றார். "'கோலுக்கு வழிவிட்ட தவறு'ன்னு போட்டுட்டு மேல போ."

"தப்பு இல்ல சார். அடிபட்டவனுக்காகத்தான் வெளிய தள்னான்."

"பரிதாபத்துக்கெல்லாம் பட்டன் கெடையாது. அடுத்த சீசன் அவன வெலைக்கு எடுக்கற கிளப்புக்கு நம்ம நம்பர்தான் பேசும். ஏமாளின்னு தெரிஞ்சிக்கட்டும்."

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு கோலைவிட அசிங்கமாக இருந்தது. எங்கோ ஒருவன் செய்த நல்லதை இந்த விரலால் குற்றமாக்கிவிட்டு, நாளைக் காலை இதே விரலால் எப்படி விளக்கேற்றுவது? 'வேண்டுமென்றே வெளியேற்றியது' என்ற பட்டனை அழுத்தினாள். ஆட்டம் முடிந்ததும் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒத்துப்போகாத பதிவுகள் பிரேம்குமாரின் திரைக்கு வந்தன. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். எண்பதாவது நிமிடம் அதில் இல்லை.

"டேய் இனியவா! நீயும் அதையேவா அமுக்கின?"

இனியவன் இயர்போனைக் கழற்றினான். "கை தவறிப் பட்டுடுச்சி சார்."

"மாத்த வேண்டியதுதான?"

"அதுக்குள்ள மூடிக்கிச்சி சார்."

பிரேம்குமார் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பதிவுக்குப் போனார். தாமரைச்செல்வியின் திரையில் சிவப்பு அணியின் வெற்றி அப்படியேதான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பு அடங்கவில்லை.

"அதையே பாக்காதக்கா," என்றான் இனியவன். "மூஞ்சிய கழுவிட்டு வா. டீ சொல்றேன்."