நாற்பத்து மூன்று கைகள்

பாலக்கரையில் ஒரு ஆரம்பப் பள்ளி. அதன் ஐந்தாம் வகுப்பைச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு ஓட்டுக் கொட்டகை, நாற்பத்து மூன்று பிள்ளைகள், நடுவில் சக்ரபாணி வாத்தியார். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் பிரம்பை நம்பினார்கள். இரண்டு பேருமே வருஷம் முடிவதற்குள் ஓடிப்போனார்கள். சக்ரபாணி பிரம்பைத் தொடவே மாட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்திறங்கி, மெதுவான குரலில் பேசியே வகுப்பை அடக்கிவிடுவார். அதுவரை மனிதரை மெச்சத்தான் வேண்டும்.

அவருக்குப் புத்தி கெட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில். டெபுடி இன்ஸ்பெக்டர் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. பள்ளிக்குச் சர்க்கார் மானியம் தொடர்வதும் நிற்பதும் அவர் எழுதும் ரிப்போர்ட்டில் இருந்தது. வகுப்பிலோ பாதிப் பேருக்குப் பின்னக் கணக்கு வரவில்லை.

"அவர் முன்னாடி நான் கேள்வி கேட்டா, எல்லாரும் கையைத் தூக்கணும்" என்றார் சக்ரபாணி. "விடை தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. புரியுதா?"

பிள்ளைகளுக்கா புரியாது! அன்றைக்கு நாற்பத்து மூன்று கைகளும் ஒன்றாக எழுந்தன. எழுந்தது எந்தக் கை என்று யார் பார்க்கிறார்கள்? சக்ரபாணி வலது கைகளாகப் பொறுக்கிப் பெயர் சொன்னார். ஒரு விடைகூடத் தப்பவில்லை.

இன்ஸ்பெக்டர் சொக்கிப்போனார். அத்தோடு தொலைந்திருக்கலாம். "மத்த வாத்தியாருங்களும் வந்து இதைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாதா மாதம் ஆசிரியர் சங்கக் கூட்டம் அந்தக் கொட்டகையில்தான். லால்குடி, முசிறி, திருவானைக்காவல் என்று பல ஊர் வாத்தியார்கள் பின்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். வகுப்பை அடக்க என்ன வழி என்று கேட்டார்கள். "கத்தக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடணும். தெரியாத பிள்ளையை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தக் கூடாது" என்பார் சக்ரபாணி. அத்தனையும் நல்ல யோசனைகள்தாம். அவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்ளும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டும்.

"உள்ளதைச் சொல்லிடுங்கோளேன்" என்றாள் வீட்டில் அவர் மனைவி வத்ஸலா.

"யார்கிட்ட சொல்றது? ரிப்போர்ட் போயாச்சு. இப்போ சொன்னா ஸ்கூலுக்கே பூட்டுப் போட்டுடுவா."

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒத்திகை பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. தெரியாத பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லித்தர ஏது பொழுது? இடது கைப் பிள்ளைகளில் ஒருத்தி காளியாயி, தயிர்க்காரியின் மகள். ஐந்து மாதமாக அவளை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளும் சொன்ன கையைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

மார்கழிக் கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டரே மறுபடியும் வந்தார். கொட்டகை கொள்ளாத கூட்டம்.

"முக்காலில் பாதி எவ்வளவு?" என்று கேட்டார் சக்ரபாணி.

கைகள் எழுந்தன. காளியாயி தூக்கியிருந்தது வலது கை.

கை மாறிப்போய்விட்டதா? சக்ரபாணி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை. யாரும் சொல்லித்தராமலே அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டால்? இத்தனை பேருக்கு முன்னால் குட்டு உடைந்துவிட்டால்? வாய்வரை வந்த அவள் பெயரை விழுங்கினார்.

"ரெங்கராஜ், நீ சொல்லு."

"காலே அரைக்கால் சார்!"

மற்றக் கைகள் எல்லாம் இறங்கின. காளியாயியின் கை மட்டும் இறங்கவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னும் கையைத் தூக்கிக்கிட்டு இருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர், பிரியமாக. "அடுத்ததை அவளைக் கேளுங்க."

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்" என்றார் சக்ரபாணி. "பேச முடியாது."

காளியாயி அவரையே பார்த்தாள். பிறகு மெல்லக் கையை இறக்கி, வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு தடவை இருமினாள்.