பொட்டு கறுத்தால்

வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஊசியைக் குத்தப் போன நேரத்தில்தான் சின்னவள் அந்தப் பொட்டைப் பார்த்தாள். இன்சுலின் பேனாவின் மூடிக்குக் கீழே, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பொட்டு. நேற்றுவரை பச்சை. இப்போது அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

சமையலறைக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அவளுடைய அக்கா படுத்திருந்தாள். நேற்று மாலை டீ குடித்தவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள், நாற்காலியில் சாய்ந்தாள், அவ்வளவுதான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவைத் தெரிந்த யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை.

சேதி கேட்டு ஓடிவந்த சின்னவள் ராத்திரி அழுத அழுகையில் ஊசியையே மறந்துபோனாள். இப்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடம் குடமாய்க் குடித்தும் தாகம் அடங்கவில்லை. சற்றுமுன் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தபோது மீட்டர் காட்டிய எண்ணை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"போட்டாச்சா? ரெண்டு வாய் சாப்பிட்டுடு. வண்டி வந்துடும்" என்றாள் தையல்காரம்மா.

"இந்தப் பேனாவை எடுத்து எங்க வச்சீங்க? யாரு வச்சது?"

வாசற்படியில் நின்ற அத்தான் திரும்பிப் பார்த்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான்தாம்மா வச்சேன். காலையிலேருந்து ஆளாளுக்கு பிரிட்ஜைத் திறந்து தண்ணி எடுக்கறாங்க. உன் மருந்து சூடாயிடப் போகுதேன்னு மேல ஐஸ் பெட்டிக்குள்ள வச்சேன். ஜில்லுன்னு இருக்கணும், ஜில்லுன்னு இருக்கணும்னு உங்க அக்கா என் காதைத் தின்னிருக்காளே."

"ஐஸ் பெட்டிக்குள்ளயா!"

"ஐஸ் எடுக்கறப்ப நான்தான் வெளிய எடுத்து வச்சேன்" என்றாள் தையல்காரம்மா. "கட்டியா இருந்துச்சு. இப்ப பாரு, உருகி நல்லா தெளிஞ்சிடுச்சு. ஒண்ணும் ஆகல, போட்டுக்கோ."

சின்னவள் பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் வினை. உறைந்து உருகிய மருந்து செத்த மருந்து. ஆனால் பார்வைக்கு உயிரோடு இருக்கும். இதைக் குத்திக்கொண்டு, போட்டாச்சு என்ற நிம்மதியில் சாப்பிட உட்கார்ந்திருப்பாள். சர்க்கரை ஏறிக்கொண்டே போயிருக்கும்.

ஒருமுறை அப்படி ஏமாந்தவள்தான் அவள். அப்போது பொட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பேனா வெந்துபோனது தெரியாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்து வாங்கிய நல்ல பேனாவில் அந்தக் கூட்டிய அளவைப் போட்டதும் சர்க்கரை மளமளவென்று இறங்க, நினைவு தப்பி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது கட்டில் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பேனா செய்கிற கம்பெனியில், புகார் வரும் போனை எடுக்கிற வேலை அவளுக்கு. தங்கையைப் போல எத்தனையோ பேர் அந்தப் போனில் அழுதிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கம்பெனி சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் அவளும் சொல்லியிருந்தாள்: வைத்த இடம் சரியில்லை, உபயோகித்தவர் தவறு.

அதற்குப் பிறகு அக்கா அந்தப் பதிலைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்றாள். "யார் தப்புன்னு நான் கேக்கல சார். கெட்டுப்போனது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன். பெரிய அட்டைப்பெட்டியில ஒட்டறீங்களே, சூடு பட்டாலும் உறைஞ்சாலும் நிறம் மாறற பொட்டு, அதை ஒவ்வொரு பேனாவிலயும் ஒட்டுங்க." அவளைப் பார்த்தாலே மேலதிகாரிகள் வேறு வழியாகப் போவார்கள். விடவில்லை. பிடித்தால் உடும்புப் பிடி. தலை நரைத்ததுதான் மிச்சம் என்று அத்தான்கூடச் சிரித்தார். போன மாதம்தான் பொட்டு வைத்த பேனா கடைக்கு வந்தது.

சின்னவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"அக்கா! நீ ஜெயிச்சுட்டடீ!"

கூடமே திடுக்கிட்டது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்காவை வாடி போடி என்று கூப்பிட்டதற்காக அவளைக் கண்டிக்க இன்றைக்கு ஆள் இல்லை.

"யாரும் என்னைப் பிடிக்க வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் சின்னவள். கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. "இதைப் போட்டிருந்தா சாயங்காலம் நான் சுருண்டு விழுந்திருப்பேன். அக்கா போன துக்கத்துல மயங்கிட்டான்னு மூஞ்சில தண்ணி தெளிச்சுட்டு உக்காந்திருப்பீங்க. இவ சொல்லிட்டா. செத்தும் சொல்லிட்டா, போடாதேன்னு!"

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் உன்னைக் கொல்லப் பாத்தேனே."

"நீங்க எங்க கொல்லப் பாத்தீங்க? என் மருந்தை ஞாபகம் வச்சது இந்த வீட்டுலயே நீங்க ஒருத்தர்தான். நல்லவங்க பத்திரமா எடுத்து வச்சுத்தான் கெடும்னு அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கா."

தையல்காரம்மா செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினாள். வாங்கி வந்த பேனாவை அத்தானிடம்தான் சின்னவள் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சை" என்றார். "நல்ல பச்சை."

சின்னவள் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஊசியைப் போட்டுக்கொண்டாள். "போட்டுக்கிட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். சாயங்காலத்துக்குள் தாகம் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆட்கள் நெருங்கியபோது அலமாரியில் இருந்த அக்காவின் போன் அடித்தது. புகார் சொன்னவர்களுக்கெல்லாம் சொந்த நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள் மகராசி. சாப்பிடும்போது அடிக்கும், குளிக்கும்போது அடிக்கும். "இது வீடா, புகார் ஆபீசா? ஒருநாள் இதைக் கிணத்துல போடறேன் பாரு" என்று அத்தான் கத்தாத நாள் இல்லை.

யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அத்தான்தான் போய் எடுத்தார்.

"அம்மா இருக்காங்களா?" வயதான ஆண் குரல், பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "ஊசிப் பேனாவை கார்லயே விட்டுட்டேங்க. இந்தப் பொட்டு கறுத்துக் கிடக்கு. மருந்து பாக்க நல்லாத்தான் இருக்கு. போடலாமான்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

அத்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"போடாதீங்க" என்றார். "நல்லாத்தான் தெரியும், ஏமாறாதீங்க. உடனே வேற வாங்குங்க. பொட்டு பச்சையா இருக்கான்னு பாத்துப் போடுங்க. போட்டுட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆமா, இதே நம்பர்தான்."

போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் போய்த் தூக்குவதற்குக் குனிந்தார்.